பனியில் நிற்கத் தெரிந்த கார்

மதுரையில் இருபத்திரண்டு வருடங்களாகப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வருகிறேன். மேம்பாலத்து ஏற்றத்தில் பாதியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு அடிகூடப் பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வைப்பேன். பரவை மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்க வைப்பேன். அதனால் என் மகள் கனடாவிலிருந்து கூப்பிட்டு, "அம்மா, நான் கார் வாங்கணும், நீதான் பாத்துச் சொல்லணும்" என்று சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வாக்கியத்தில் அந்தப் பெருமை இறங்கிவிட்டது.

"பனியில நல்லா ஓடுற காரா இருக்கணும்மா."

எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழிக் காலையில் கண்ணாடியில் படிகிற ஈரம். வைப்பரை இரண்டு தடவை போட்டால் போய்விடும். காதில் மப்ளர் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிறவர்கள் "இன்னிக்கு என்ன பனி" என்று சொல்வார்கள். மகள் சொன்ன பனி முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிற பனி. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்தான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

மகள் செவிலியர். அங்கே போய் ஒரு குளிர்காலத்தைப் பார்த்துவிட்டாள். அப்போது ஆஸ்பத்திரியில் வேலை, பஸ்ஸில் போய் வந்தாள். இப்போது வேறு வேலை கிடைத்திருந்தது. சின்ன ஊர் ஒன்றில் தங்கி, சுற்றுவட்டாரத்தில் தனியாக இருக்கும் வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, ஊசி போடுவது. அதற்குச் சொந்த வண்டி வேண்டும். கோடையிலேயே அங்கே லைசென்ஸ் எடுத்துவிட்டாள். இங்கே என்னிடம் ஓட்டக் கற்றவள்தான். ஆனால் ஐப்பசி முடிவதற்குள் அங்கே பனி விழ ஆரம்பித்துவிடும், அதற்குள் வண்டி வாங்கியாக வேண்டும்.

என் வீட்டுக்காரர் கூட்டுறவு அலுவலகத்தில் எழுத்தர். ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. மகள் போன நாளிலிருந்து அவர் போனில் இரண்டு ஊர்களின் தட்பவெப்பம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். காலையில் காபியோடு அதை வாசித்துச் சொல்வார். "நமக்கு முப்பத்திமூணு. பாப்பாவுக்கு ரெண்டு." மைனஸ் வந்துவிட்டால் குரல் இறங்கிவிடும். கார் விஷயத்தைக் கேட்டதும் அவர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"பெரிய வண்டியாப் பாரு. என்ன ஆனாலும் உள்ள இருக்கவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. கனமான வண்டி, உயரமான வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. எதிலும் ஏறிப் போகும், எதிலும் சிக்காது. மகளும் அப்படி ஒன்றைத்தான் பார்த்து வைத்திருந்தாள். பழைய கார் விற்கும் ஒரு கடையில் கறுப்பாக, ஜீப்பும் காரும் கலந்த மாதிரி நின்ற ஒரு வண்டியைப் பல கோணங்களில் படம் எடுத்து அனுப்பினாள். இதை வாங்கிவிட்டால் குளிர்காலத்தைப் பற்றிக் கவலையே இல்லை என்று கடைக்காரர் சொன்னாராம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, பேசி முடி" என்று நானும் சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு மனசு அடங்கவில்லை. என்னிடம் படிக்க வருகிறவர்கள் இப்படித்தான் வண்டி வாங்குவார்கள். வண்டி பெரிதாக இருந்தால் பயம் போய்விடும் என்று நினைப்பார்கள். அவர்களிடம் நான் சொல்வது ஒன்று, மகளிடம் சொன்னது வேறு. பார்க்காத ஒன்றைப் பற்றி எனக்குத் தெரிந்த மாதிரி பேசியிருக்கிறேன் என்பது உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை வகுப்பில் இதைச் சொல்லிப் புலம்பினேன். அப்போது என்னிடம் படித்துக்கொண்டிருந்தவர் நாற்பது வயதுத் தையற்கடைக்காரம்மா ஒருவர். வைகைக் கரைச் சாலையில் மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தோம். அவர் சாலையிலிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னார்.

"எங்க அண்ணே மிலிட்டரியில லாரி ஓட்டுனவுக, டீச்சர். காஷ்மீர்ல எம்புட்டோ வருசம் பனிக்குள்ளயே ஓட்டிருக்காக. இப்பக் கொட்டாம்பட்டிப் பக்கம் தோட்டத்துல இருக்காக. ஞாயித்துக்கெழம போயிக் கேப்பமா?"

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வண்டியிலேயே போனோம். போகிற வழியெல்லாம் அந்த அம்மாதான் ஓட்டினார். மேலூர் தாண்டி நாலுவழிச் சாலையில் முதல் தடவையாக எண்பதைத் தொட்டார். முந்தின ராத்திரி நல்ல மழை. சாலையோரப் பள்ளங்களில் தண்ணீர் செம்மண் நிறத்தில் தேங்கிக் கிடந்தது.

அவருடைய அண்ணனுக்கு அறுபதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கடலைக் கொடிக்கு நடுவே நின்றிருந்தவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். நான் போனை நீட்டி அந்தக் கறுப்பு வண்டியின் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றையும் நிதானமாகத் தள்ளிப் பார்த்தார்.

"டயரு என்ன டயரு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

"டயரை மட்டும் படம் எடுக்காம விட்டுட்டாங்களே" என்றார். "நாலு வீலும் இழுக்குற வண்டின்னு சொல்றீக. சரி. எதுக்கு ஒதவும் அது?"

"சிக்காம இழுத்துட்டுப் போகும்ல அண்ணே?"

"போகும். கெளம்புறதுக்கு நல்லா ஒதவும். ஆனா பனியில கெளம்ப முடியாம யாரும் சாகல தங்கச்சி. நிக்க முடியாமத்தான் சாகுறான். எல்லா வண்டிக்கும் நாலு வீலுலயும் பிரேக் இருக்குல்ல? அப்ப நிக்கிறதுக்கு இது என்ன ஒசத்தி? வெயிட்டு கூடுனா இன்னும் தள்ளிப் போயித்தான் நிக்கும். ரோட்டப் புடிக்கிறது டயருதான். ஒரு உள்ளங்கை அளவு ரப்பரு. அம்புட்டுத்தான்."

பிறகு அவருக்கு நடந்ததைச் சொன்னார். ஒரு இறக்கத்தில், பனியில் பிடிமானத்துக்காக டயர்களுக்குச் சங்கிலி மாட்டுவதற்கு முன்பே, முன்னால் போன லாரி திடீரென்று நிற்க, இவரும் பிரேக்கை மிதித்திருக்கிறார். இவர் லாரி நிற்கவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல் அப்படியே திரும்பி, வந்த வழியைப் பார்த்து நின்றதாம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்க அவரால் முடியவில்லை. கூட இருந்தவர் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்திருக்கிறார்.

"எங்களுக்குச் செயின் மாட்டச் சொல்லுவாங்க. அங்க கார் ஓட்டுறவுகளுக்குன்னே குளிருக்குத் தனி டயரு இருக்கும். கேக்கச் சொல்லுங்க. சாதா ரப்பரு குளிருல கட்டை மாதிரி வெறச்சுப் போகும். அதுல என்ன புடிமானம் இருக்கும்?"

நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்தார்.

"எழுதி என்ன பண்ணப் போறீக? வண்டியத்தான் கொண்டாந்திருக்கீகளே. வாங்க, காட்டுறேன்."

தோட்டத்துக்குப் பின்னால் கண்மாய். தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. மழையில் தரையின் கரம்பைக் களிமண் மட்டும் நனைந்து, வெண்ணெய் தடவிய தோசைக்கல் மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை, மரம் இல்லை, மோதுவதற்கு ஒன்றுமே இல்லாத வெட்டவெளி. என்னை ஓட்டச் சொல்லிவிட்டு அவர் என் வழக்கமான இடத்தில், என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். தங்கை பின்னால் ஏறிக்கொண்டார்.

"இருவதுல போங்க. நான் சொன்னதும் பிரேக்க நல்லா மிதிங்க."

மிதித்தேன். சக்கரங்கள் நின்றுவிட்டன, வண்டி நிற்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் என் கால் சொல்லி ஒரு வண்டி கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை. ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தேன். வண்டி அதைக் கண்டுகொள்ளாமல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போனது. பக்கத்தில் இருப்பவர், சொல்லிக்கொடுப்பவருக்கென்று அந்தப் பக்கம் இருக்கும் பிரேக்கை மிதிக்க மாட்டாரா என்று நினைத்தேன். என் மாணவிகள் என்னைப் பற்றி இப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

"பிரேக்க விடுங்க," என்றார் அவர், கடையில் சில்லறை கேட்கிற குரலில். "விட்டுட்டுத் திருப்புங்க. போற எடத்தப் பாருங்க, வழுக்குற எடத்தப் பாக்காதீங்க."

விட்டேன். சக்கரம் மறுபடி உருண்டதும் வண்டி சொன்னபடி திரும்பியது.

எட்டுப் பத்துத் தடவை செய்தோம். ஐந்தாவது தடவைக்குப் பிறகு பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. பின்சீட்டில் தையற்கடைக்காரம்மா, "டீச்சருக்கே சொல்லிக் குடுக்குறாக" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கடைசியில் ஒரு பள்ளத்தில் பின்சக்கரங்கள் இறங்க, முன்சக்கரங்கள் சுற்றிச் சுற்றிச் சேற்றை வாரி அடித்தன. ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள் என்று அண்ணன் சொல்லிவிட்டு, கரையிலிருந்து இரண்டு தென்னை மட்டைகளை இழுத்து வந்து சக்கரத்துக்கு அடியில் போட்டார். இரண்டாவது கியரில், மூச்சு விடுகிற அளவுக்கு மட்டும் மிதித்து மெதுவாக வெளியே வந்தேன்.

"மகள்கிட்டச் சொல்லுங்க. பனியில எல்லாமே மெதுவாத்தான். கெளம்புறதும், திருப்புறதும், நிக்கிறதும். வெடுக்குன்னு எதுவும் செய்யக் கூடாது."

வீட்டுக்கு வந்தபோது சேலையில் முழங்கால் வரைக்கும் சேறு. வீட்டுக்காரர் வாசலில் நின்று வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பாப்பாவுக்குக் கார் பாக்கத்தானே போன?" என்றார்.

மறுநாள் காலை ஆறரைக்கு, அவளுக்கு முந்தின நாள் இரவு எட்டு, மகளைக் கூப்பிட்டேன். நேற்று நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அந்தக் கறுப்பு வண்டி வேண்டாம், முதலில் டயரைப் பார் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கடைக்காரரிடம் ஏறக்குறைய வாக்குக் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரம் வேலையில் சேர வேண்டும்.

"நீதான நல்லா இருக்கு, பேசி முடின்ன? இப்ப யாரோ ஒருத்தர் சொன்னாருன்னு வேணாங்குற. நீ பனியே பாத்ததில்லம்மா."

அது உண்மை. அதனாலேயே அது குத்தியது. நான் போனை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் என்ன பேசினார் என்று தெரியாது. திரும்பி வந்து, "யோசிப்பா, விடு" என்றார்.

இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு படம் வந்தது. டயரின் படம். வரிகள் பாதிக்கு மேல் தேய்ந்து, ஓரத்தில் சின்னச் சின்ன வெடிப்புகளோடு இருந்தது. கீழே அவள் எழுதியிருந்தாள்: அம்மா, குளிர்கால டயர்னா பக்கவாட்டில மூணு முகட்டு மலையும் அதுக்குள்ள ஒரு பனிப்பூவும் போட்டிருக்கணுமாம். இதுல இல்ல. நாலுலயும் இல்ல. கடைக்காரர்கிட்டக் கேட்டா, நாலு வீல் டிரைவ் இருக்கே, அது போதும்ங்கறார். வேணாம்னு சொல்லிட்டேன்.

அதற்குக் கீழே இன்னொரு வரி. ஸாரிம்மா.

அந்த வாரமே அவள் வேலை பார்க்கப் போகும் அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டுத்தாள் ஒட்டப்பட்டிருந்தது. சாம்பல் நிறக் கார், ஒரே உரிமையாளர், கூடவே குளிர்கால டயர்கள் ஒரு செட். விற்கிறவர் எழுபது வயதுப் பெண்மணி. முப்பது வருடம் அந்த ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். கண் பார்வை மங்கிவிட்டதால் இனி ஓட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டாராம். இதைக் கேட்டதும் எனக்கு அந்தக் காரைவிட அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"போறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணி, வண்டியக் காலையில ஸ்டார்ட் பண்ணி வைக்க வேணாம்னு சொல்லு" என்றேன். "ராத்திரி முழுக்கக் குளிர்ல நின்ன வண்டி நம்ம முன்னாடிதான் கெளம்பணும்."

"அம்மா, அவங்க வயசானவங்க. நம்பலைன்னு நினைப்பாங்க."

"பஸ் ஓட்டுனவங்க நினைக்க மாட்டாங்க."

அவளுக்குக் காலை எட்டரை, எங்களுக்குச் சாயங்காலம் ஏழு மணி. வீட்டுக்காரரும் நானும் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். திரையில் வெள்ளை மரவீடு, இலையில்லாத மரங்கள், அதற்கு முன்னால் அந்தக் கார். பக்கத்தில் தடிமனான சட்டையில் ஒல்லியான, உயரமான பெண். மகள் அவர் பேசுவதைத் தமிழில் சொன்னாள், நான் பேசுவதை ஆங்கிலத்தில் சொன்னாள். பாதி நேரம் அதற்குத் தேவையே இருக்கவில்லை.

முதலில் வண்டியைக் கிளப்பச் சொன்னேன். சாவியைத் திருப்பியதும் ஒரு நொடி இழுத்து, பிறகு சீராக ஓடியது. போனைத் தரையோடு பிடித்து அடிப்பாகத்தைக் காட்டச் சொன்னேன். அங்கே சாலையில் பனி உருக உப்புத் தூவுவார்கள், அது வண்டியை அடியிலிருந்து தின்றுவிடும் என்று படித்திருந்தேன். அந்த அம்மா மகளின் கையிலிருந்து போனை வாங்கித் தானே குனிந்து ஒவ்வொரு மூலையாகக் காட்டினார். ஒரு இடத்தில் துரு இருந்தது. அதை நான் கேட்பதற்கு முன்பே விரலால் தட்டிக் காட்டி, இங்கே இருக்கிறது, இன்னும் ஓட்டை விழவில்லை என்றார்.

வண்டியின் முன்பக்கத்தில், நம்பர் பலகைக்கு மேலே ஒரு ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் பிளக். "அது என்ன, ஒயர் அத்து தொங்குது?" என்று கேட்டேன். மகள் சிரித்துவிட்டாள். அறுந்து தொங்குவதில்லையாம். கடுங்குளிர் நாட்களில் ராத்திரி அந்தப் பிளக்கைச் சுவரில் சொருகி வைத்தால் எஞ்சினைச் சூடாகவே வைத்திருக்குமாம். அயர்ன் பாக்ஸ் மாதிரி காரையும் சொருகி வைக்கிற ஊர் என்று வீட்டுக்காரர் ஆச்சரியப்பட்டார். பிறகு தன் போனை எடுத்து அந்த ஊரின் தட்பவெப்பத்தைப் பார்த்தார். அப்படி ஒரு குளிரிலா பிள்ளை இருக்கிறாள் என்று யோசித்திருப்பார்.

குளிர்கால டயர்கள் கார் ஷெட்டுக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மகள் போனைக் கிட்டே கொண்டுபோனாள். மலை இருந்தது. மலைக்குள் பனிப்பூ இருந்தது. பள்ளங்களில் ஒரு நாணயத்தை வைத்து ஆழத்தைக் காட்டினாள். அந்தக் கார் சாதாரணமானதுதான், முன்சக்கரங்கள் மட்டும் இழுப்பது, உயரமும் அதிகமில்லை. இவ்வளவு தூரம் வந்தும் வீட்டுக்காரர் என் காதோரம், "சின்னதா இருக்கே" என்றார். அதைக் கேட்க வேண்டும் என்று எனக்கும் இருந்தது. மகளை விட்டுக் கேட்டேன்: இந்த வண்டி இந்த ஊர்ப் பனிக்குப் போதுமா?

அந்த அம்மா திரும்பிக் காரைப் பார்த்தார். பிறகு நேராகப் போனைப் பார்த்து, தினமும் போகலாம், ஆனால் எல்லா நாளும் போகக் கூடாது என்றார். சில நாட்களில் எந்த வண்டியும் போகக் கூடாது, அந்த நாட்களில் வீட்டில் இருக்கத் தெரிய வேண்டும், உங்கள் மகளுக்கு அது தெரியுமா என்று கேட்டார்.

விற்கிறவர் ஒருவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. என் கண் கலங்கிவிட்டது. இருபது குழந்தைகளை ஏற்றிக்கொண்டு முப்பது குளிர்காலம் ஓட்டியவர் சொல்கிற பேச்சு அது.

நானும் வண்டி ஓட்டுகிறவள்தான், கற்றுக்கொடுப்பவள் என்று மகள் சொன்னதும் அவர் முகம் மாறியது. எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எண்ணியதில்லை என்றேன். நானும் குழந்தைகளை எண்ணியதில்லை, ஆனால் ஏறின அத்தனை பேரும் இறங்கினார்கள் என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அப்போதுதான் தைரியம் வந்து அந்த உதவியைக் கேட்டேன். முதல் பனி விழுந்ததும், ஆளில்லாத ஏதாவது ஒரு இடத்தில் என் மகள் இந்த வண்டியை ஒரு தடவை வழுக்கவிட்டுப் பார்க்க வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருக்க முடியுமா? கண்மாயில் நான் வழுக்கிய கதையையும் சொன்னேன். மகள் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். புதிதாக வருகிற ஒவ்வொரு பஸ் டிரைவரையும் நான் அப்படித்தான் கூட்டிக்கொண்டு போவேன் என்றார்.

விலை பேசி முடித்து அந்த அம்மா வண்டியைக் கொடுத்தபோது டிக்கியில் ஒரு மண்வாரி, ஒரு மணல் மூட்டை, கண்ணாடியில் உறையும் பனியைச் சுரண்டுகிற கட்டை, ஒரு கம்பளி எல்லாம் இருந்தன. அவற்றை எடுக்க மாட்டீர்களா என்று மகள் கேட்டதற்கு, அவை காரைச் சேர்ந்தவை என்றாராம். சாவியைக் கொடுத்துவிட்டு உடனே வீட்டுக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வந்து கையசைத்தார். முப்பது வருடம் ஓட்டிய கை இனி ஓட்டாது என்று நினைத்தபோது எனக்கு இங்கே மனசு கனத்தது. என் கண்ணுக்கும் அப்படி ஒரு நாள் வரும்.

நவம்பரில் பனி விழுந்த முதல் சனிக்கிழமை, அந்த அம்மா சொன்னபடியே வந்தார். ஒரு பெரிய கடையின் காலி நிறுத்துமிடத்தில் மகளை வழுக்கவிட்டார். நான் சொன்னதில் ஒன்றை அவர் திருத்தவும் செய்தார். இந்த வண்டியில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் இறுகிப்போகாமல் அதுவே விட்டு விட்டுப் பிடிக்கும், காலுக்கடியில் பெடல் தடதடவென்று அதிரும், அதற்குப் பயந்து காலை எடுத்துவிடாதே, அழுத்திக்கொண்டே திருப்பு என்றிருக்கிறார். என் பயிற்சி வண்டியில் அந்த வசதி இல்லை. லாரிக்கார அண்ணன் காலத்திலும் இல்லை. நல்லவேளை, அதைச் சொல்ல அங்கே ஒருவர் இருந்தார்.

டிசம்பர் கடைசியில் ஒரு காலை, காபி நேரத்தில் போன் வந்தது. மகள் அவளுடைய வீட்டுச் சமையல்மேடையில் சாய்ந்து நின்றிருந்தாள். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"ஒண்ணும் ஆகல. முதல்லயே சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தாள்.

ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெரியவருக்குக் காலில் ஆறாத புண். அன்று கட்டு மாற்ற வேண்டிய நாள். கிளம்பும்போது வானம் தெளிவாக இருந்திருக்கிறது. பாதி வழியில் காற்றோடு பனி ஆரம்பித்தது. முன்னால் ஒரு பிக்கப் வண்டி போய்க்கொண்டிருந்தது. அதன் சிவப்பு விளக்குகளை வைத்துக்கொண்டே தூரம் விட்டு ஓட்டியிருக்கிறாள். ஒரு குறுக்குச்சாலையில் அந்த விளக்குகள் திடீரென்று பக்கவாட்டில் திரும்பின. பிக்கப் சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டது.

"பெடல் அதிருச்சும்மா. அந்தம்மா சொன்ன மாதிரியே. காலை எடுக்கணும்னுதான் தோணுச்சு. எடுக்கல. அந்த வண்டியப் பாக்காம, பக்கத்துல இருந்த எடத்தப் பாத்தேன். வண்டி அங்க போச்சு. நின்னுருச்சு. நம்ம ஹால் இருக்குல்ல, அம்புட்டு எடம் பாக்கி இருந்துச்சு."

பிக்கப்காரருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் வண்டியின் பின்சக்கரங்கள் பள்ளத்தில் சிக்கியிருந்தன. மகள் டிக்கியைத் திறந்து மண்வாரியைக் கொடுத்து, சக்கரத்துக்கடியில் மணலைத் தூவி, மெதுவாக மிதிக்கச் சொல்லி அவரைக் கிளப்பிவிட்டிருக்கிறாள். பிறகு பெரியவருக்குப் போன் செய்து தாமதமாகும் என்று சொல்லிவிட்டு, மாட்டுவண்டி வேகத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறாள். அவர் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கட்டு மாற்றி முடிக்கிற வரைக்கும், வந்தது எந்த வண்டியில் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாராம். திரும்பும்போது சாலையைச் சுத்தம் செய்கிற வண்டி முன்னால் போனது, அதன் பின்னாலேயே வந்துவிட்டாளாம்.

"திரும்பி வந்தப்பறம்தான்மா பயமே வந்துச்சு."

"இப்ப?"

"இப்ப இல்ல. பசிக்குது."

வீட்டுக்காரர் எழுந்து பால்கனிக்குப் போனார். நான் "நல்லா சூடாச் சாப்பிடு" என்று மட்டும் சொன்னேன். வேறு எதைச் சொன்னாலும் அழுதிருப்பேன்.

அன்று சாயங்காலம் கொட்டாம்பட்டிக்குப் போன் போட்டேன். அண்ணன் முழுக்கக் கேட்டார். முடிவில், "நல்ல டிரைவர் ஆயிட்டா" என்றார். அவர் வாயில் அது எம்புட்டுப் பெரிய வார்த்தை என்று அவருடைய தங்கைதான் மறுநாள் எனக்குச் சொன்னார். பஸ் ஓட்டிய அம்மாவுக்கு நானே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். நாலு தடவை கிழித்து எழுதியும் நன்றி என்ற சொல்லைத் தாண்டி எதுவும் உருப்படியாக வரவில்லை. கடைசியில் அந்த ஒரு சொல்லை எழுதி, கீழே என் பெயரைப் போட்டு, அதற்குப் பக்கத்தில் 'டிரைவர்' என்று எழுதி அனுப்பினேன்.

என் வாழ்க்கையில் நான் கும்பிட்ட சாமிகள் நிறைய. அந்த வருடம் மட்டும், நான் வேண்டிக்கொள்ளாமலே இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்தேன், இன்னொருவரை ஒரே ஒரு தடவை, அதுவும் கையகலத் திரையில். டயரைப் பாருங்கள் என்று சொன்னதால் லாரிக்கார அண்ணனுக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. எல்லா நாளும் போகக் கூடாது என்று சொன்னதால் பஸ் ஓட்டிய அம்மாவின் கார் விற்காமலே போயிருக்கலாம். இருந்தும் சொன்னார்கள்.

சித்திரையில் மகள் ஒரு மாத லீவில் வந்தாள். வெயில் உச்சியில் கொளுத்திக்கொண்டிருந்தது. வந்த மூன்றாம் நாள், என் வண்டியைத் தானே ஓட்டுவதாகச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் முன்னால் போகிற பஸ்ஸுக்கும் தனக்கும் நடுவே ஒரு வீடு கட்டுகிற அளவுக்கு இடம் விட்டாள். அந்த இடத்தில் முதலில் ஒரு ஆட்டோ புகுந்தது, பிறகு இரண்டு பைக், பிறகு ஒரு குட்டியானை வேன். ஒவ்வொருவரும் புகப் புக அவள் பொறுமையாக இன்னும் கொஞ்சம் பின்தங்கினாள். சிக்னலுக்கு நூறு அடி முன்பிருந்தே காலை எடுத்து, குலுங்காமல் கொண்டுபோய் நிறுத்தினாள். பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோக்காரர் தலையை நீட்டி எட்டிப் பார்த்தார். வண்டியில் எல் போர்டு இருந்தது.

"புதுசாக்கா? நல்லா வந்துரும், பயப்படாம ஓட்டுங்க" என்றார் அவளிடம்.

"சரிண்ணே" என்றாள் மகள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

நான் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பச்சை விழுந்ததும் அவள் மெதுவாகக் கிளப்பினாள். பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அவள் அவசரப்படவில்லை. நானும் அவளை அவசரப்படுத்தவில்லை.